சிறுநீரகத்துக்குள் புகையும் நெருப்பு: சர்க்கரை நோயுள்ள வணிகர்களின் கவனத்துக்கு



சர்க்கரை நோய் நம் கடைத்தெருவில் யாருக்கும் புதிய செய்தி அல்ல. காலையில் கடை திறந்தது முதல் இரவு அடைக்கும் வரை கல்லாவில் உட்கார்ந்தே இருக்கிறோம். சரக்கு இறங்கும்போது ஒரு டீ, வசூலுக்கு ஆள் வந்தால் ஒரு டீ என்று குடிக்கிறோம். கணக்கு முடித்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட இரவு 10 மணி ஆகிவிடுகிறது. இப்படிப்பட்ட தொழிலில் சர்க்கரை வராமல் இருந்தால்தான் அதிசயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 14 பேர் என்பது அந்த ஆய்வின் கணக்கு.

சர்க்கரை என்றால் காலில் புண் வரும், கண் மங்கும், இருதயம் கெடும் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். சிறுநீரகம் கெடும் என்பது மட்டும் 'டயாலிசிஸ்' என்ற சொல் காதில் விழும் வரை பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. சர்க்கரை நோயுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காலப்போக்கில் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. முற்றிய நிலையில் டயாலிசிஸ் என்றால் பொதுவாக வாரம் 3 நாள், ஒவ்வொரு நாளும் 4 மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். போகவர ஆகும் நேரமும், வந்தபின் ஏற்படும் அசதியும் தனி. ஒற்றை ஆளாகக் கடை நடத்துபவர் வாரத்தில் 3 நாள் கடையைச் சாத்தினால் வாடிக்கை என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ளவர்கள் செலவில்லாமல் டயாலிசிஸ் செய்துகொள்ள வழி இருக்கிறது. பறிபோன நேரத்தை எந்தத் திட்டமும் திருப்பித் தராது.

நான் வைத்தியம் படித்தவன் அல்ல. பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்த மொத்த வியாபாரி. மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் அறிந்துகொண்டதை நம்மவர்களுக்குப் புரியும்படி எழுதுகிறேன். மருத்துவரின் ஆலோசனைக்குப் பதிலாக இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சல்லடையின் கணக்கு

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய சல்லடைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மயிரிழையைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் சுருண்ட ஒரு முடிச்சு. நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் இந்தச் சல்லடைகளின் வழியே வடிகிறது. அதில் தேவையான தண்ணீர், உப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் அடுத்துள்ள நுண்குழாய்கள் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியே போகிறது.

நல்ல சல்லடை என்றால் தூசியை விட்டுத் தானியத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் நமக்குத் தானியம் போன்றது. சல்லடைக் கண் பெரிதானால் அது சிறுநீரில் ஒழுகத் தொடங்கும். சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெடுவதன் முதல் அடையாளம் பெரும்பாலும் இந்த ஒழுகல்தான். சர்க்கரை நோயாளிகளின் சல்லடை முடிச்சுகள் கட்டிதட்டிப் போவதை 1936-லேயே கிம்மல்ஸ்டீல், வில்சன் என்ற இரு மருத்துவர்கள் உருப்பெருக்கியில் பார்த்து எழுதிவைத்தார்கள். அது ஏன் அப்படி ஆகிறது என்பது விளங்கத்தான் பல ஆண்டுகள் ஆயின.

அழற்சி என்றால் என்ன?

கையில் ஒரு முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இதற்குத்தான் அழற்சி என்று பெயர். கிருமி வந்துவிட்டதோ என்று உடம்பு தன் காவற்காரர்களாகிய வெள்ளை அணுக்களை அங்கே அனுப்புகிறது. அவை வந்து சண்டையிட்டு, வேலை முடிந்ததும் கலைந்து போகின்றன. புண்ணும் ஆறுகிறது. இந்த அழற்சி நமக்கு நன்மை செய்வது.

இன்னொரு வகை உண்டு. பருத்திக் கிடங்கில் மூட்டைக்குள் நெருப்புப் பிடித்தால் என்ன ஆகும் என்று அந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். வெளியே சுவாலை தெரியாது. உள்ளுக்குள்ளேயே நாட்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். வாடை வந்து மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பாதி கரியாகியிருக்கும். சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தில் நடக்கும் அழற்சி இந்த வகையைச் சேர்ந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பல ஆண்டுகள் புகைகிறது.

சர்க்கரை எப்படி நெருப்பு வைக்கிறது?

பாகு சிந்திய இடத்தில் கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறதல்லவா? இரத்தத்தில் சர்க்கரை கூடினால் அதுவும் உடம்பின் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. 'மூன்று மாதச் சர்க்கரை' என்று நாம் பார்க்கும் பரிசோதனை, இரத்தச் சிவப்பணுவின் புரதத்தில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்குத்தான். இரத்தத்தில் ஒட்டுவது போலவே சிறுநீரகச் சல்லடையின் சுவரிலும் சர்க்கரை ஒட்டுகிறது. அப்படி ஒட்டிக் கெட்டுப்போன புரதத்தை உடம்பு அந்நியச் சரக்காக நினைக்கிறது.

அதோடு, சர்க்கரை கூடிய சிறுநீரகத்தில் சல்லடைக்குள் இரத்த அழுத்தமும் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்ததும் சிறுநீரகத்தின் அணுக்கள் 'ஆபத்து, ஓடி வாருங்கள்' என்று இரசாயனத் தூது அனுப்புகின்றன. வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. வந்து பார்த்தால் பிடிக்கத் திருடன் இல்லை. சர்க்கரை குறையாத வரை தூதும் நிற்பதில்லை. வந்த காவற்காரர்கள் போகாமல் அங்கேயே தங்கி, டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் என்ற பெயர்களில் உள்ள சூடான பொருள்களைக் கக்கிக்கொண்டே இருக்கிறார்கள். திருடனைப் பிடிக்க வந்தவர்கள் கடைச் சாமானை உடைக்கும் கதை.

இதன் முடிவு தழும்பு. கை காயம் ஆறியதும் தழும்பு விழுவது போல, புகைந்த இடத்திலெல்லாம் நார் படிகிறது. நார் படிந்த சல்லடை இனி வடிகட்டாது. அந்தச் சல்லடையின் வேலையைப் பக்கத்தில் உள்ளவை சேர்த்துச் சுமக்கின்றன. சுமை கூடியதால் அவையும் சீக்கிரம் தேய்கின்றன. ஒழுகிப்போகும் அல்புமினும் நுண்குழாய்களை உறுத்திப் புதிய அழற்சியை மூட்டுகிறது. இப்படி வட்டிக்கு வட்டி ஏறுவது போல நோய் வளர்கிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் உள்ள ஜோஸ்லின் நீரிழிவு மையம் 2012-ல் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். நடுவயதில் வரும் வகைச் சர்க்கரை நோயுள்ள 410 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அழற்சியைக் காட்டும் டி.என்.எஃப். ஏற்பிகள் என்ற பொருளின் அளவை இரத்தத்தில் பார்த்தார்கள். அந்த அளவு மிகக் கூடுதலாக இருந்த கால் பங்கினரில், 12 ஆண்டுகளில் 100-க்கு 54 பேருக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தது. மற்ற முக்கால் பங்கினரில் 100-க்கு 3 பேர்தான். சர்க்கரை நோய் எல்லாருக்கும் இருந்தது. யாருக்கு உள்ளே அதிகமாகப் புகைந்ததோ அவர்களே பெரும்பாலும் கெட்டார்கள். சர்க்கரை அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

நெருப்பைத் தணிக்கும் மருந்துகள்

முதல் மருந்து சர்க்கரைக் கட்டுப்பாடுதான். விறகை இழுத்தால் அடுப்பு தணியும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993-ல் வெளியான ஆய்வும், பிரிட்டனில் நடந்து 1998-ல் வெளியான ஆய்வும், சர்க்கரையை ஆரம்பத்திலிருந்தே கட்டுக்குள் வைத்தவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு குறைவதை நிரூபித்தன.

அடுத்தது இரத்த அழுத்த மாத்திரைகளில் ஒரு வகை. பெயரின் கடைசியில் 'பிரில்' என்றோ 'சார்ட்டான்' என்றோ முடியும். எனலாப்ரில், இராமிப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் ஆகியவை நம்மில் பலர் விழுங்குபவைதான். இவை பிரஷரைக் குறைப்பதோடு சல்லடைக்குள் உள்ள அழுத்தத்தையும் குறைக்கின்றன. அந்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளே அழற்சியையும் தூண்டுகிறது. ஆகவே அதன் வேலையைத் தடுப்பதால் புகைச்சலும் தணிகிறது. 2001-ல் வெளியான ஆய்வில் 1,513 நோயாளிகளுக்கு லோசார்ட்டான் அல்லது வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்ததில், சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் அபாயம் 28 சதவீதம் குறைந்தது. பிரிலையும் சார்ட்டானையும் ஒன்றாகச் சேர்த்துச் சாப்பிட்டால் இன்னும் நல்லது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். பின்னால் நடந்த ஆய்வுகளில் அது கெடுதல் என்று தெரிந்து கைவிட்டார்கள்.

மூன்றாவது, 'குளோஃபிளோசின்' என்று முடியும் மாத்திரைகள்: டாபாகுளோஃபிளோசின், எம்பாகுளோஃபிளோசின், கானாகுளோஃபிளோசின். இவை கூடுதல் சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றுகின்றன. கூடவே சல்லடை அழுத்தத்தைக் குறைத்து அழற்சியையும் மட்டுப்படுத்துகின்றன. 2019-ல் வெளியான கானாகுளோஃபிளோசின் ஆய்வில் 4,401 பேர் பங்குபெற்றார்கள். சிறுநீரகம் செயலிழப்பது போன்ற பெரிய கெடுதல்கள் 30 சதவீதம் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்னதாக முடித்துவிட்டார்கள்.

நாம் வியாபாரிகள் என்பதால் விலையையும் சொல்லிவிடுகிறேன். டாபாகுளோஃபிளோசினுக்கு இந்தியாவில் இருந்த காப்புரிமை 2020-ல் முடிந்தது. எம்பாகுளோஃபிளோசினுக்கு 2025 மார்ச்சில் முடிந்தது. உடனே பல கம்பெனிகள் களத்தில் இறங்கின. போட்டி வந்ததும் விலை சரிந்தது. 'அது பணக்காரர் மாத்திரை' என்று முன்பு ஒதுக்கியவர்கள் இப்போது மருத்துவரிடம் மறுபடியும் கேட்டுப் பார்க்கலாம். எல்லாருக்கும் இது ஒத்துக்கொள்ளாது. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தம் முக்கியம். வாந்தி, பேதி என்று சாப்பிடாமல் கிடக்கும் நாட்களிலும், அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். அதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது ஃபினரெனோன். அழற்சியையும் நார் படிவதையும் நேரடியாகத் தூண்டும் ஒரு ஹார்மோன் வழியை அடைப்பதற்கென்றே உருவான மருந்து. 2020-ல் வெளியான ஆய்வில் 5,734 பேர் இருந்தார்கள். மற்ற மருந்துகளோடு இதையும் சேர்த்ததில் சிறுநீரகம் கெடுவது மேலும் 18 சதவீதம் குறைந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும் என்பதால் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை கட்டாயம். 2025-ல் இதையும் எம்பாகுளோஃபிளோசினையும் ஒரே சமயத்தில் தொடங்கிப் பார்த்தார்கள். தனித்தனியாகக் கொடுத்ததைவிட அல்புமின் ஒழுகல் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகக் குறைந்தது. வாரம் ஒரு முறை போடும் செமாகுளூட்டைட் ஊசியும் 2024-ல் வெளியான ஆய்வில் சிறுநீரகத்துக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. அங்கே குறைந்த அபாயம் 24 சதவீதம்.

அழற்சியைத் தணிக்கும் எல்லா மருந்தும் வெற்றி பெற்றுவிடவில்லை. பார்டாக்சோலோன் என்ற மருந்தைப் பற்றி ஒரு சமயம் பெரிய நம்பிக்கை இருந்தது. நோயாளிகளுக்கு இருதயக் கோளாறு கூடியதால் 2012-ல் அந்த ஆய்வைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது. நெருப்பை அணைக்கும் வேகத்தில் கிடங்கையே தண்ணீரில் மூழ்கடித்துவிடக் கூடாது என்பதுதான் அதிலிருந்து கிடைக்கும் பாடம்.

வலி மாத்திரை என்னும் எதிரி

இந்தக் கட்டுரையில் மற்ற எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

'சிறுநீரகத்தில் அழற்சி என்கிறீர்கள். அழற்சிக்குத்தான் மாத்திரை இருக்கிறதே' என்று சிலர் கேட்கலாம். மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் கொடுக்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோபினாக் போன்றவை அழற்சியைக் குறைக்கும் மாத்திரைகள்தான். மூட்டில் அவை அப்படி வேலை செய்யும். சிறுநீரகத்தில் அவை செய்வது நேர் எதிரான காரியம். சல்லடைக்கு இரத்தம் வரும் வாசலைத் திறந்துவைத்திருக்கும் ஒரு பொருளை இந்த மாத்திரைகள் தடுத்துவிடுகின்றன. வாசல் சுருங்கி, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைகிறது. ஏற்கெனவே புகைந்துகொண்டிருக்கும் சிறுநீரகம் இதைத் தாங்காது. அதிலும் பிரில், சார்ட்டான் வகை மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர் இதையும் சேர்த்தால், ஓரிரு வாரத்திலேயே சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கக்கூடும்.

நம் தொழிலை நினைத்துப் பாருங்கள். நாள் முழுதும் நின்று வியாபாரம் செய்பவருக்குக் கால் வலி. மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு இடுப்பு வலி. இரவில் ஒரு வலி மாத்திரை போட்டால்தான் தூக்கம் வரும் என்று பழகிப்போனவர்கள் ஒவ்வொரு கடைத்தெருவிலும் இருக்கிறார்கள். எங்கள் பகுதியில் ஒரு சுமைதூக்கும் தொழிலாளி, சர்க்கரையும் உள்ளவர், இரண்டு மூன்று வருடம் இப்படித் தினமும் மாத்திரை விழுங்கி வந்தார். கால் வீங்கி மருத்துவமனைக்குப் போனபோது சிறுநீரகத்தின் பெரும்பகுதி போயிருந்தது. வலி போனது போலவே இருந்ததால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

பெட்டிக்கடையிலும் மளிகைக் கடையிலும் இம்மாதிரி மாத்திரைகளைச் சில்லறையாக விற்பது சில இடங்களில் இன்றும் நடக்கிறது. டைக்ளோபினாக் மருத்துவர் சீட்டின் பேரில், உரிமம் பெற்ற மருந்துக்கடையில் மட்டுமே விற்க வேண்டிய மருந்து. இதில் கிடைக்கும் லாபம் சில ரூபாய். வாங்கிப் போகிறவர் நம் நிரந்தர வாடிக்கையாளர். அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆகவே அந்தச் சரக்கைக் கடையில் வைக்காமல் இருப்பதே மரியாதை. தவிர்க்க முடியாத வலி என்றால், சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பான மாத்திரை எது, எவ்வளவு என்று மருத்துவரே சொல்வார். பெரும்பாலும் பாரசிட்டமாலை அளவோடு தருவார்கள்.

நம் கடைச் சரக்கும் சிறுநீரகமும்

மஞ்சள் அழற்சியைத் தணிக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளை வைத்துச் சிறு ஆய்வுகள் நடந்திருக்கின்றன. குழம்புக்குப் போடும் மஞ்சள் நல்லதே. அதை மாத்திரைக்கு மாற்றாக நினைத்து, மருந்தை நிறுத்திவிட்டு ஸ்பூன் ஸ்பூனாக விழுங்குவது ஆபத்து. மஞ்சளில் ஆக்சலேட் அதிகம். அளவுக்கு மீறி மஞ்சள் மாத்திரை சாப்பிட்டு, ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் கெட்ட நோயாளிகளைப் பற்றி மருத்துவ ஏடுகளில் குறிப்பு உண்டு. நிறம் கூட்ட ஈய நிறமி கலந்த மஞ்சளை விற்பவர்கள் நம் தொழிலுக்கே களங்கம். ஈயம் சிறுநீரகத்துக்கு நேரடி விஷம்.

உப்பு நாள் ஒன்றுக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். உப்பு கூடினால் பிரஷர் ஏறும், சார்ட்டான் மாத்திரையின் பலனும் குறையும்.

இங்கே வியாபாரிகள் முக்கியமாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று பாக்கெட்டில் வருவதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு அது நல்லது செய்யலாம். சிறுநீரகம் கெட்டவருக்கும், மேலே சொன்ன பிரில், சார்ட்டான், ஃபினரெனோன் சாப்பிடுபவருக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இருதயத் துடிப்பே நிற்கும் அபாயம் உண்டு. 'கிட்னிக்கு நல்ல உப்பு கொடுங்கள்' என்று யாராவது கேட்டு வந்தால், 'டாக்டரைக் கேட்டு வாங்குங்கள்' என்று சொல்லி அனுப்புவது நம் கடமை.

பீடி, சிகரெட், தொப்பை, ஈறில் சீழ், ஆறாத கால் புண் இவை ஒவ்வொன்றும் உடம்பில் அழற்சியைக் கூட்டும். அவற்றைச் சரிசெய்வதும் சிறுநீரக வைத்தியத்தில் சேர்த்திதான். உரிமம் இல்லாதவர்கள் 'கிட்னியைச் சரிபண்ணும் பொடி' என்று விற்பதை நம்பி ஏமாற வேண்டாம். பாதரசமும் ஈயமும் கலந்த பொடிகள் இருக்கின்ற சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

ஆண்டுக்கு ஒரு முறை இருப்பெடுப்பு

வலி இல்லாத நோயைப் பரிசோதனையால்தான் பிடிக்க முடியும். பலரும் இரத்தத்தில் கிரியேட்டினின் மட்டும் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று திருப்தி அடைகிறார்கள். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறத்தாழ பாதி போகும் வரை கிரியேட்டினின் நார்மல் போலவே காட்டக்கூடும். ஆகவே இரண்டு பரிசோதனை சேர்த்துச் செய்ய வேண்டும்.

1. சிறுநீரில் அல்புமின். சாதாரணக் குச்சிப் பரிசோதனையில் ஆரம்ப ஒழுகல் தெரியாது. 'யூரின் ஏ.சி.ஆர்.' என்று கேட்க வேண்டும். 30-க்குள் இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. 300-க்கு மேல் அபாயம். காய்ச்சலோ நீர்த்தொற்றோ இருக்கும்போது பார்த்தால் எண் ஏறிக் காட்டும். அதனால் ஒரு முறை கூடினால் பயப்படாமல் மறுபடி பார்க்க வேண்டும்.

2. கிரியேட்டினினை வைத்துக் கணக்கிடும் 'இ.ஜி.எஃப்.ஆர்.' எண். இது சல்லடையின் திறனைக் காட்டுவது. 90-க்கு மேல் நல்லது. மூன்று மாதத்துக்கு மேலும் 60-க்குக் கீழேயே நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழே போனால் டயாலிசிஸ் பற்றிப் பேச வேண்டிவரும்.

நடுவயதில் சர்க்கரை வந்தவர் நோய் தெரிந்த அன்றே தொடங்கி, ஆண்டுக்கு ஒரு முறையாவது இவற்றைப் பார்க்க வேண்டும். ஏப்ரலில் புதுக்கணக்கு தொடங்குமுன் கடைச் சரக்கை எண்ணி இருப்பெடுக்கிறோம். அந்த வாரத்திலேயே நம் உடம்புக்கும் இருப்பெடுத்துவிடலாம். ரிப்போர்ட்டை மருந்துச் சீட்டோடு ஒரே ஃபைலில் தேதிவாரியாக வையுங்கள். இந்த ஆண்டு எண்ணைவிடப் போன ஆண்டிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பதுதான் மருத்துவருக்கு அதிகம் உதவும்.

மருந்து தொடங்கியதும் கிரியேட்டினின் சற்றே ஏறுவது சார்ட்டானிலும் குளோஃபிளோசினிலும் சகஜம். அதைப் பார்த்துப் பயந்து நாமாகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது. எவ்வளவு ஏறினால் கவலைப்பட வேண்டும் என்பது மருத்துவருக்குத் தெரியும். சர்க்கரை குறைந்துவிட்டது, உடம்பு நன்றாக இருக்கிறது என்று நிறுத்துவதும் அதே தவறுதான். புகைச்சல் அடங்கியிருப்பது மாத்திரை இருக்கும் வரைதான்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வோர் ஆண்டும் மே 5-ஐ வணிகர் தினமாகக் கொண்டாடுகிறோம். பல ஊர்களில் சங்கத்தின் சார்பில் மருத்துவ முகாமும் நடக்கிறது. பெரும்பாலும் விரலில் குத்திச் சர்க்கரையும், கையில் கட்டிப் பிரஷரும் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். இனி நடக்கும் முகாம்களில் யூரின் ஏ.சி.ஆர். பரிசோதனையையும் சேர்க்க வேண்டும். மொத்தமாகப் பேசினால் பரிசோதனை நிலையங்கள் விலையைக் குறைத்துத் தரும். கொள்முதல் பேசுவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடை முதலாளிகளோடு கணக்குப்பிள்ளைகள், கடைப் பையன்கள், சுமைதூக்குவோர், அவரவர் வீட்டுப் பெண்கள் எல்லாரையும் அழைக்க வேண்டும்.

நம் தொழிலில் கடன் கொடுத்த சரக்குக்குப் பணம் வராவிட்டால் அடுத்த மாதமே தெரிந்துவிடும். சிறுநீரகம் பல ஆண்டுகள் கடன் கொடுத்துக்கொண்டே இருக்கும், வாய் திறந்து கேட்காது. அது கேட்கும் நாளில் நம்மிடம் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இருக்காது. முன்னாளில் நீரிழிவுச் சிறுநீரக நோய் என்றால் நாளை எண்ணிக்கொண்டிருப்பதைத் தவிர வழி குறைவு. இன்று புகைச்சலைத் தணிக்க நான்கு வகை மருந்துகள் கையில் இருக்கின்றன. அவை நன்றாக வேலை செய்வது நோய் ஆரம்பத்தில் இருக்கும்போது. இதைப் படித்து முடித்ததும், சர்க்கரை உள்ள ஒவ்வொருவரும் தம் ஃபைலை எடுத்து, கடைசியாக சிறுநீரில் அல்புமின் பார்த்தது எந்தத் தேதியில் என்று பாருங்கள். தேதி இல்லையென்றால் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.